ஓடும்போது உருவிய கார்டு

“எம்மா, கிணத்தடி அக்காவக் காணோம்.”

தறிச் சத்தத்தில் கோமு சொன்னது ஞானசெல்விக்கு முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள். எட்டு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு நூறு தடவை எம்மா என்று கூப்பிடும். நூறுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் தறியை யார் பார்ப்பது? பிள்ளை தறிக்கொட்டகை வாசலில் வந்து நின்று, கையிலிருந்த கேம் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

சின்னத் திரையில் தோப்பு இருந்தது. தோப்புக்கு நடுவில் கிணறு இருந்தது. கிணற்றடியில் யாரும் இல்லை.

அங்கே எப்போதும் ஒருத்தி நிற்பாள். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. கோமு நடத்துகிற ரெட்டைச் சடைப் பொம்மை பக்கத்தில் போய் நின்றாலும் திரும்ப மாட்டாள். ஜப்பான் எழுத்தில் ஒரு வரி மட்டும் வரும். இருவருக்கும் அது படிக்கத் தெரியாது. தண்ணி எடுக்க விடு, தள்ளிப் போ என்று சொல்கிறாள் என்பாள் ஞானசெல்வி. இல்லை, கூட வாரியா என்று கேட்கிறாள் என்பாள் கோமு.

“தேடிப் பாரு. எங்கன போயிருக்கப் போறா?” என்றாள் ஞானசெல்வி. பிள்ளை கொலுசு குலுங்க உள்ளே ஓடியது. ரெட்டைச் சடையும், புதுச் சட்டையின் முதுகில் கட்டிய பெரிய ரிப்பன் முடிச்சும் குதித்துக்கொண்டே போயின.

காணாமல் போனதற்குக் காரணம் தெரியும் என்றுதான் நினைத்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரி கார்டை உருவியது அவள்தான்.

அந்தப் பெட்டி பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கைக்கன்சோல். கடையநல்லூரில் மொபைல் கடை வைத்திருக்கும் ஷாஜித் அதன் பூட்டை எடுத்து, ஹோம்புரூ என்று ஏதோ ஒன்றைப் போட்டு, அதைவிடப் பழைய கேம்கள் நாற்பதை ஒரே கார்டில் ஏற்றித் தந்தான். பிள்ளைக்கு என்று பேர்தானே தவிர, வாங்கியது தொழிலுக்கு. ஞானசெல்விக்கு ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிற வேலை. அந்தக் காலத்து கேம்களில் மரம், அலை, செங்கல் எல்லாமே சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனவை. ஜக்கார்டும் கட்டக் கணக்குதான், ஒரு கட்டத்துக்கு ஒரு நூல். கேம் திரையைப் படம் பிடித்தால் அந்தப் படம் கார்டில் வந்து உட்காரும். அதைக் கம்ப்யூட்டரில் திருத்தித் தறிக்குக் கொடுத்தால் சேலைக் கரை ரெடி. ஊரில் வேறு யாருக்கும் இந்த யோசனை வரவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

“என்ன வேணா பண்ணுங்கக்கா, ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் கார்ட உருவிராதீங்க. அதுல பாதி, இதுல பாதின்னு ஆயிரும்” என்று ஷாஜித் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

இத்தனை நாள் அவளும் உருவியதில்லை. இன்றைக்குத் தறிக்கென்று வைத்திருந்த கார்டு திடீரென்று படுத்துவிட்டது. கரை டிசைனின் இன்னொரு காப்பி கேம் கார்டில் இருந்தது. ஏழு மணி வேனில் கடைசிச் சேலை போயாக வேண்டும். மூடு பிள்ளே, மூடு பிள்ளே என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒரு நிமிசம்மா, ஒரு நிமிசம்மா என்று கோமுவும் நாலு தரம் சொன்னாள். கோபத்தில் வெடுக்கென்று உருவிக்கொண்டு வந்து தறியின் ஜக்கார்டுப் பெட்டியில் செருகிவிட்டாள். கேம் நிற்கவில்லை. சின்ன கேம், முழுசும் பெட்டியின் நினைவில் ஏறிவிட்டிருந்தது போல. பிள்ளையும் அழாமல் விளையாடிக்கொண்டிருக்கவே, நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டாள்.

அன்று ஆடித்தபசுத் திருவிழா. தெருவில் அத்தனை தறியும் நிறுத்தியிருந்தது. வருஷம் முழுக்க ஐம்பது அறுபது தறி ஒன்றாக அடித்துக்கொண்டிருக்கும் தெரு அது. அந்த இரைச்சலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் அமைதி. இன்று அது இல்லாமல், சாயங்கால வெயில் விழுந்த தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் அம்மனுக்குச் சாமி தரும் காட்சி பார்க்கக் கோவிலுக்குப் போய்விட்டார்கள். அவள் புருஷன் இசக்கிராஜாவும் நாலு மணிக்கே போய்விட்டான். நாளும் கிழமையுமாத் தறி ஓட்டணுமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனான். ஞானசெல்வி தெருக் கதவை உள்பக்கம் தாழ்ப்போட்டுவிட்டு, ஒற்றைத் தறியை ஓட்டினாள். மற்ற சத்தங்கள் இல்லாததால் அந்த ஒரு தறியின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து, பக்கத்தில் இன்னொரு தறி அவள் தறிக்கு அரை நொடி பிந்தி ஓடுவது போலக் கேட்டது. நூலுக்குப் போட்ட கஞ்சி வாடையும் சூடான மோட்டார் எண்ணெய் வாடையும் எப்போதும் உள்ளவை. இன்று அவற்றுக்கு அடியில் பாசி வாடை ஒன்று இருந்தது, ரொம்ப நாள் இறைக்காத கிணற்றில் அடிக்குமே, அந்த வாடை. வெளியே சாக்கடை அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே பார்த்துத்தான் இறங்கும். மேலிருந்து பார்த்தால் நூல் பிசிறுதான் தெரியும். டிசைன் சரியாக விழுகிறதா என்று பார்க்க, கையகலக் கண்ணாடியைத் துணிக்கு அடியில் நீட்டிப் பிடிக்க வேண்டும். ஞானசெல்வி நீட்டினாள்.

கரையில் தோப்பு விழுந்திருந்தது. ஒரு சாணுக்கு ஒரு தோப்பு, வேரிலிருந்து தொடங்கி உச்சியில் முடியும், மறுபடி வேர். அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும். வர வேண்டும். இந்தத் தோப்பில் இரண்டு மரங்களுக்கு நடுவே, தூரத்தில், ஒரு புள்ளி இருந்தது.

புள்ளி விழுவது சகஜம். ஒரு கொக்கி மாட்டிக்கொண்டால் விழும். அடுத்த சாண் வந்ததும் மறுபடி கண்ணாடியை நீட்டினாள். அந்த இடத்தில் இப்போது நாலு புள்ளி இருந்தது. அடுத்ததில் பத்துப் பன்னிரண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே அகலமாக, கீழே ஒல்லியாக.

கார்டு கெட்டுப்போயிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதுல பாதி, இதுல பாதி. நிறுத்தலாமா என்று கை பொத்தான் வரை போனது. வேன் ஞாபகம் வந்து திரும்பிவிட்டது. அவ்வளவு சின்ன உருவத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அடுத்த சாணில் கவனிக்காமல் இருக்க முடியாது. விரல் உயரத்துக்கு வந்திருந்தாள். விரித்த முடி, முதுகு. மரங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டே எப்படி முன்னால் வர முடியும் என்று ஞானசெல்வி யோசித்தாள். பின்பக்கமாகவே நடந்து வருகிறாள்.

அடுத்த சாணில் கரை முழுக்க அவள்தான். மரமே தெரியவில்லை. முடிக்கும் தோளுக்கும் இடையில் கன்னத்தின் ஓரம் ஒரு கோடாகத் தெரிந்தது. திரும்பத் தொடங்கியிருந்தாள்.

அதற்கடுத்த சாணில் வெறும் தோப்பு. புள்ளிகூட இல்லை. ஞானசெல்வி மூச்சை விட்டாள். போய்த் தொலைந்தது. கெட்டுப்போன இரண்டரை முழத்தையும் உள்மடிப்பில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று மனசு கணக்குக்கூடப் போட்டது.

“எம்மா!” உள்ளறையிலிருந்து கோமு கத்தினாள். “அக்கா வந்துட்டா! என்னயக் கூப்பிடுதா!”

“சரி, போ!” என்று ஞானசெல்வியும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். “போய்ப் பேசிக்கிட்டு இரு. அம்மா வேலை முடிச்சிட்டு வாரேன்.”

அதைச் சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது.

தறியை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். பாயில் கேம் பெட்டி கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பிள்ளை பாதி தின்றுவிட்டு வைத்த முறுக்கு. பாயைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. அறைக்குள் அந்தப் பாசி வாடை நெஞ்சை அடைத்தது.

“கோமு!”

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். அடுப்படி, குளியலறை, மாடிப்படிக்குக் கீழே. தெருக் கதவு போட்ட தாழ்ப்பாளோடு இருந்தது. பிள்ளையின் செருப்பு இரண்டும் கதவுப் பக்கம் சோடியாகக் கிடந்தது. எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். அதைப் போட்டதே பிள்ளை திருவிழாக் கூட்டத்துக்குள் ஓடிவிடக் கூடாது என்றுதான்.

இசக்கிராஜாவுக்குப் போன் போட்டாள். நாலாவது தடவைதான் எடுத்தான். அந்தப் பக்கம் மேளமும் கூட்டமும்.

“ஏட்டி, ஒண்ணுங் கேக்கல. சத்தமாச் சொல்லு.”

“கோமு அங்கன வந்தாளா?”

“அவ ஒங்கூடதான இருக்கா? என்னட்டி சொல்லுதே?”

“இங்கன இல்லங்க. கதவு பூட்டுனபடி இருக்கு. பிள்ளையக் காணும்.”

“நல்லாப் பாரு. நா வாரேன். கூட்டத்துல நகர முடியல, வாரேன்.”

போனை வைத்த பிறகு கேம் பெட்டியைக் கையில் எடுத்தாள். திரையில் தோப்பு இருந்தது, கிணறு இருந்தது. கிணற்றடியில் யாரும் இல்லை. ரெட்டைச் சடைப் பொம்மையும் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அசையவில்லை. பெட்டியைப் பாயிலேயே போட்டாள்.

கொட்டகையில் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள். கண்ணாடியை எடுத்தாள். அவசரத்தில் அது துணியில் இடித்தது. இரண்டு கையாலும் பிடித்து அடியில் நீட்டினாள்.

இரண்டு பேர். ஒன்று பெரிசு, ஒன்று சிறுசு. கை கோத்துக்கொண்டு தோப்புக்குள் போகிறார்கள். இரண்டும் முதுகுதான். சிறுசின் முதுகில் ரிப்பன் முடிச்சு.

பிள்ளையைப் பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாய்ந்து தறியை நிறுத்தினாள்.

சத்தம் நின்றது. அப்படி ஒரு நிசப்தத்தை அந்தக் கொட்டகையில் அவள் கேட்டதே இல்லை. இந்த வீட்டுக்கு வந்த பதினொரு வருஷமாகக் காதுக்குள் இருந்த இரைச்சல் வடிந்து, தன் மூச்சு தனக்கே கேட்டது. துணியைக் கையால் மடக்கித் திருப்பிப் பார்த்தாள். முந்தைய சாணில் இருவரும் விரல் உயரம். இந்தச் சாணில் நகக்கண் அளவு. ஓட ஓடத் தூரமாகப் போயிருக்கிறார்கள். அவள் வீட்டுக்குள் தேடிய நேரமெல்லாம் தறி பிள்ளையை நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

பிரிக்கலாம். நெய்ததைப் பிரிக்க அவளுக்குத் தெரியும். குறுக்கே ஓடும் ஊடை நூலை ஒன்றொன்றாக உருவினால் துணி பின்னால் வரும். துணி பின்னால் வந்தால் பிள்ளையும் வரும். ஊசியை எடுத்து முதல் இழையை நெம்பினாள். வந்தது. மரத்தின் உச்சி போனது. அடுத்தது, அதற்கடுத்தது. மரக்கிளை. கிளைக்குக் கீழே ரெட்டைச் சடையின் வகிடு. அந்த இழையை இழுத்தாள்.

“எம்மா.”

உள்ளறையில் கிடந்த கேம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. கடுகளவு ஸ்பீக்கரில் நசுங்கிய குரல். ஆனால் கோமுவின் குரல்.

“எம்மா, தலை வலிக்கு.”

ஊசி கீழே விழுந்தது.

“கோமு! அம்மா இங்கன இருக்கேன்டி. எங்கன இருக்கே? தங்கம், எங்கன இருக்கே?”

உருவிய இழையைத் திரும்ப வைக்கப் பார்த்தாள். அழுதுகொண்டே, எச்சில் தொட்டு, ஊசி முனையால் தள்ளித் தள்ளி, எப்படியோ அந்த இழையை அதன் இடத்தில் கோத்தாள்.

பிரிக்க முடியாது. பிரித்தால் பிள்ளைக்கு வலிக்கிறது. நிறுத்தி வைத்தால் அங்கேயே நிற்பாள், அவளோடு. மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்தக் கிணற்றடிக்காரி தூரத்துப் புள்ளியாக இருந்து, சாணுக்குச் சாண் பெரிசாகி, கரை முழுக்க நின்ற பிறகுதானே வெளியே வந்தாள்? ஓட்டினால் பிள்ளையும் திரும்பி வரும். வந்து கரை முழுக்க நின்றால் வெளியே வந்துவிடும். வர வேண்டும்.

தறியைப் போட்டாள்.

முதல் சாண். இரண்டு புள்ளி.

இரண்டாவது சாண். வெறும் மரம்.

மூன்றாவதும் வெறும் மரம். “வா தாயி, வா தாயி” என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது, துடைத்தாள்.

நாலாவது. ஒரு புள்ளி.

ஒன்றுதான். எது என்று தெரியவில்லை. அந்தச் சாண் முடிந்து அடுத்தது வருவதற்குள் ஞானசெல்வி தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டாள். ஐந்தாவது சாணில் புள்ளிக்கு இரண்டு பக்கமும் சடை முளைத்திருந்தது. நடுவில் முகம். பிள்ளை இந்தப் பக்கம் பார்த்து ஓடி வருகிறது. தனியாக வருகிறது. ஞானசெல்வி சத்தம் போட்டு அழுதாள், அது சந்தோஷம்தான்.

ஆறாவதில் விரல் உயரம். வாய் திறந்திருந்தது.

அப்போதுதான் தறிக்குப் பின்பக்கம் பார்த்தாள்.

நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீரப் போகிறது. கடைசிச் சேலை என்றால் பாவிலும் கடைசி. உருளையின் இரும்பு தெரிந்தது. அதில் கட்டியிருந்த நூல் முனை முடிச்சுகள் வரிசையாக எழும்பி, மெதுவாகத் தறியை நோக்கி ஊர்ந்து வந்தன. புதுப் பாவு பிணைக்க ஒரு முழு நாள் வேண்டும், மூவாயிரத்துச் சொச்சம் நூல். மிச்சம் ஒரு சாண் இருக்கும். ஒரு சாண் போதும். இருந்தால் போதும்.

இப்போது நிறுத்தினால் பிள்ளை விரல் உயரத்தில் வாயைத் திறந்தபடி நின்றுவிடும். அவளைப் பின்தொடர்ந்து வேறு யார் வருகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஞானசெல்வி நிறுத்தவில்லை.

ஏழாவது சாண் தொடங்கியது. மரம் விழவில்லை. அடியிலேயே இரண்டு பாதம் விழுந்தது. கரை முழு அகலத்துக்கு. ஐந்து ஐந்து விரல். பாதத்துக்கு மேலே கொலுசு.

“வா.”

சட்டை விளிம்பு. சட்டையின் மடிப்பு.

முடிச்சுகள் தறியின் முதல் கம்பியைத் தாண்டின.

“வா தாயி.”

தொங்கும் கைகள். இடுப்பு. நெஞ்சு.

நூல்கள் தளர்ந்தன. ஓரத்தில் நாலைந்து பொட்டுப் பொட்டென்று அறுந்தன. கையால் பிடித்து இழுத்தாள். விரலை அறுத்தது.

தோள்.

சட்டையின் கழுத்துப் பட்டி.

தறி நின்றது.

அவள் நிறுத்தவில்லை. பாவு இல்லை. நூல் முனைகள் சீப்பு போன்ற அச்சுக்குள்ளிருந்து நழுவி, துணியின் விளிம்பில் கற்றையாகத் தொங்கின.

பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மோட்டார் உறுமியது, எதுவும் விழவில்லை. அணைத்தாள்.

கொட்டகையில் சத்தமே இல்லை.

உள்ளறையில் கொலுசுச் சத்தம்.

சின்னப் பாதங்கள். பாயிலிருந்து எழுந்து, தரையில் இறங்கி, ஈரத்தில் நடப்பது போல. எங்கேயோ இடித்துக்கொண்டது. நின்றது. சுவரைத் தடவித் தடவி மறுபடி நடந்தது. வாசல்படி. ஒரு கால். இன்னொரு கால்.

ஞானசெல்வி திரும்பவில்லை. எம்மா என்று கூப்பிடும், கூப்பிட்டதும் திரும்பிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிற பிள்ளை.

கூப்பிடவில்லை.

முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. சின்னக் கை அவள் சேலையைத் தேடிப் பிடித்து, இறுக்கிக்கொண்டது. சூடான கை. அவள் பிள்ளையின் கைதான்.

அம்மாக்களின் கை அதுவாகவே பின்னால் போகும், தலையைத் தடவ. அவள் கையும் போனது. தோள் தட்டுப்பட்டது. கழுத்துப் பட்டி தட்டுப்பட்டது. அதற்கு மேலே கை ஏறியது.

விரல்களுக்குள் அறுந்த நூல் முனைகள் கற்றையாக வந்தன.